செயின் கழண்டா யார் மேல தப்பு?

"டேய், செயின் போயிடுச்சுடா!"

ரோபோ போட்டிக்கு ரெடியாகிற எந்த காலேஜ் ஒர்க்ஷாப்பிலும் ராத்திரி பதினோரு மணிக்குக் கேட்கும் குரல் இது. உடனே ஒருத்தர் ஸ்பேனரோடு பாய்ந்து வந்து செயினை இறுக்குவார். ரோபோ நாலு அடி ஓடும். மறுபடியும் 'டக்'!

குரோம்பேட்டை எம்.ஐ.டி., வண்டலூர் கிரசென்ட், காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம்.னு தாம்பரத்தைச் சுற்றி இன்ஜினீயரிங் காலேஜுக்குப் பஞ்சமே இல்லை. ரோபோ பைத்தியங்களுக்கும்தான்! இவங்களோட கனவு 'ஏபியு ரோபோகான்'. 2002-ல் டோக்கியோவில் ஆரம்பித்த இந்த ஆசிய-பசிபிக் போட்டி, 2008, 2014-ம் ஆண்டுகளில் நம்ம புனேயிலேயே நடந்தது. ஒரு மேட்ச் சில நிமிஷம்தான். மாசக்கணக்கான உழைப்பு, நகக்கண் அளவு லாக் ஒண்ணு தெறிச்சா காலி!

விஷயம் என்னன்னா, பெரும்பாலும் தப்பு செயின் மேல இருக்காது. அது எப்படிப் போச்சுன்னு பார்த்தா, குற்றவாளி தானா மாட்டுவார்.

பக்கவாட்டில் நழுவுதா?

ரெண்டு பல்சக்கரமும் ஒரே நேர்கோட்டில் இல்லை. நேரான ஸ்கேலை ரெண்டின் முகத்திலும் ஒட்டி வெச்சுப் பாருங்க. முக்கியமா, ரோபோவைத் தரையில் முழு எடையோடு நிறுத்திப் பாருங்க. ஸ்டாண்டில் தூக்கி வெச்சா, மெலிசான அலுமினிய ஃபிரேம் வளையறது தெரியவே தெரியாது.

பல் தாண்டுதா?

செயின் தேய்ஞ்சு நீண்டிருக்கலாம். அரை இஞ்ச் பிட்ச் செயினில் 24 கண்ணி சரியா 12 இஞ்ச் இருக்கணும். அரைக்கால் இஞ்ச் கூடியிருந்தா மாத்திடுங்க. பல்லும் கொக்கி மாதிரி வளைஞ்சிருந்தா அதையும் சேர்த்துத்தான். செயின் புதுசா? அப்போ சின்ன சக்கரத்தை மூணில் ஒரு பங்காவது சுத்திப் பிடிச்சிருக்கான்னு பாருங்க. இல்லைன்னா தொய்வான பக்கத்தில் ஓர் ஐட்லர் போடுங்க.

மோட்டார் சுத்துது, வீல் நிக்குதா?

கிரப் ஸ்க்ரூ வழுக்குது. ஷாஃப்டையும் பல்சக்கரத்தையும் சேர்த்து மார்க்கரில் ஒரு கோடு போட்டு ஓட்டுங்க. கோடு பிரிஞ்சா ஆள் சிக்கிட்டார். ஷாஃப்டில் தட்டையா ராவி ஸ்க்ரூவை அங்கே உட்கார வைங்க. கீ போட்டா இன்னும் உத்தமம்.

லாக் பறக்குதா?

லாக்கோட மூடின முனை, செயின் ஓடுற திசையைப் பார்த்து இருக்கணும். முன்னும் பின்னும் ஓடுற ரோபோவுக்கு, ரிவெட் அடிச்சுடறதே நல்லது.

'இறுக்கினா சரியாயிடும்' கட்சிக்காரங்களுக்கு ஒரு வார்த்தை: பல்சக்கரங்களுக்கு நடுவே 30 செ.மீ. தூரம்னா, செயின் நடுவில் சுமார் 6 மி.மீ. ஆடணும். அதுக்கு மேல இறுக்கினா பேரிங் அழும், மோட்டார் சுடும், பேட்டரி படுத்துடும்.

உங்க ஏரியா சைக்கிள் கடை அண்ணனைக் கவனிச்சிருக்கீங்களா? செயின் கழண்ட சைக்கிள் வந்தா அவர் உடனே ஸ்பேனரை எடுக்க மாட்டார். பின்னாடி குனிஞ்சு, ஒரு கண்ணை மூடி, பெடலை ஒரு சுத்து சுத்திப் பார்ப்பார். அந்த ஒரு சுத்துதான் மக்களே, ட்ரபிள்ஷூட்டிங்!