சூடான உணவால் குழந்தையின் தொண்டை வெந்தால்: கவனிக்க வேண்டியது மூச்சை

அடுப்பிலிருந்து இறக்கிய கஞ்சி, ஆறாத பால், பூரணக் கொழுக்கட்டை, பெரியவர் மடியில் இருந்தபடியே எட்டிப் பிடித்துக் குடித்த தேநீர் போன்ற அன்றாட உணவுகளே சிறு குழந்தைகளின் வாயும் தொண்டையும் வெந்துபோவதற்குப் பெரும்பாலும் காரணமாகின்றன. பெரும்பான்மையான குழந்தைகளுக்கு இது நாக்கிலும் அண்ணத்திலும் சிறு புண்ணோடு நின்று, ஒரு வாரம் பத்து நாட்களில் ஆறிவிடுகிறது. ஆனால் சில குழந்தைகளுக்கு வெப்பம் தொண்டையின் அடிவரை சென்று மூச்சுவழியை வீங்கச் செய்கிறது. அவ்வீக்கம் உடனே தெரிவதில்லை. சில மணி நேரம் கழித்தும் வெளிப்படலாம். ஆகவே, வாயிலுள்ள புண் எவ்வளவு பெரியது என்பதைவிடக் குழந்தை எவ்வாறு மூச்சு விடுகிறது என்பதையே பெற்றோர் உற்றுக் கவனிக்க வேண்டும்.

தொண்டையில் நிகழ்வது என்ன?

நாம் விழுங்கும்போது உணவு மூச்சுக்குழாய்க்குள் சென்றுவிடாமல் காப்பது குரல்வளை மூடி என்னும் மெல்லிய மடல். கொதிக்கும் உணவு முதலில் தாக்கும் இடங்களில் இதுவும் ஒன்று. வெந்த மடலில் நீர் கோத்து, அது தடித்து, மூச்சுவழியின் வாயிலை மறைக்கிறது.

குழந்தைகளுக்கு இது ஏன் கூடுதல் ஆபத்து என்பதை ஒரு கணக்கால் விளக்கலாம். கைக்குழந்தையின் மூச்சுவழி, குரல்வளைக்குச் சற்றுக் கீழே ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் அகலமே உடையது. அதன் சுவர் சுற்றிலும் 1 மில்லிமீட்டர் வீங்கினால் காற்று செல்லும் பரப்பில் முக்கால் பங்கு அடைபட்டுவிடும். 8 மில்லிமீட்டர் அகலமுள்ள மூச்சுவழியில் அதே வீக்கம் பாதிப் பரப்பைக்கூட அடைப்பதில்லை.

இது புதிதாக அறியப்பட்ட ஆபத்தன்று. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அயர்லாந்திலும், கொதிக்கும் கெட்டிலின் மூக்கில் வாய் வைத்து உறிஞ்சிய குழந்தைகளைப் பற்றி மருத்துவர்கள் எழுதி வைத்துள்ளனர். முதலில் சற்றுத் தேறியதுபோல் தோன்றிய குழந்தைக்குச் சில மணி நேரம் கழித்து மூச்சு முட்டியதை அவர்கள் கண்டனர். இன்றும் நாங்கள் அஞ்சுவது அந்த இடைவெளியைத்தான்.

உடனே செய்ய வேண்டியவை

• வாயில் உணவு இருந்தால் குழந்தையை முன்பக்கம் குனியவைத்துத் துப்பச் செய்யுங்கள். தொண்டைக்குள் விரலை விட்டுத் துழாவ வேண்டாம். வாந்தி எடுக்கவும் வைக்க வேண்டாம்.
• குழந்தை தெளிவாக இருந்து, இயல்பாக மூச்சு விட்டு, விழுங்கவும் முடிந்தால் குளிர்ந்த நீரைச் சிறு சிறு மிடறாகக் கொடுங்கள். பனிக்கட்டித் துண்டுகள் தொண்டையில் சிக்கக்கூடும், தவிர்த்துவிடுங்கள்.
• முகவாய், கழுத்து, மார்பு ஆகிய இடங்களிலும் உணவு சிந்தியுள்ளதா என்று பாருங்கள். நனைந்த உடையைக் கழற்றிவிட்டு, அவ்விடத்தில் 20 நிமிடம் குழாய் நீர் படுமாறு பிடியுங்கள்.
• இட்லி மாவு, பற்பசை, மஞ்சள், நெய், பேனா மை எதையும் பூச வேண்டாம். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுப்பதும் கூடாது.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

• மூச்சை உள்ளிழுக்கும்போது கரகரப்பான அல்லது கீச்சென்ற ஒலி
• குரல் கம்மிப்போதல், அழுகுரல் மாறுதல்
• எச்சிலை விழுங்க முடியாமல் வாயிலிருந்து வடிதல்
• படுக்க மறுத்து, முன்சாய்ந்து, முகவாயை நீட்டியபடி உட்கார்ந்திருத்தல்
• விலா எலும்புகளின் இடையிலும் கழுத்துக் குழியிலும் தோல் உள்வாங்குதல்
• உதடு நீலம்பாரித்தல், சோர்ந்து மயங்குதல்

இவற்றுள் ஒன்று தென்பட்டாலும் 108 ஆம்புலன்சை அழையுங்கள். வாய்வழியாக எதையும் கொடுக்க வேண்டாம். கரண்டியால் நாக்கை அழுத்தித் தொண்டையைப் பார்க்க முயல வேண்டாம்; குழந்தை வீறிட்டு அழுதால் குறுகிய மூச்சுவழி மேலும் அடைபடலாம். தாயின் மடியில், குழந்தைக்கு எந்த நிலை இதமாக உள்ளதோ அந்நிலையிலேயே உட்காரவைத்து அழைத்து வாருங்கள்.

நமது மாவட்டத்தில் தொலைவும் ஒரு பெரும் காரணி. மணமேல்குடி, மீமிசல் போன்ற கடலோர ஊர்களிலிருந்து புதுக்கோட்டை வந்து சேர ஒரு மணி நேரத்திற்கும் மேலாகும். வீக்கம் தொடங்கியபின் அந்த ஒரு மணி நேரம் மிக நீண்டது. அறிகுறியோடு இரு சக்கர வாகனத்தில் புறப்படாதீர்கள். ஆம்புலன்சில் ஆக்சிஜன் உண்டு.

அறிகுறி இல்லாவிடினும், விழுங்கும்போது வலியால் அழும் குழந்தையையும், அண்ணத்தின் பின்பகுதி வெந்த குழந்தையையும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். பொழுது விடியட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம். குழந்தை உறங்கிவிட்டது என்பதாலேயே நலமாகிவிட்டது என்று கொள்ள இயலாது. உறக்கத்திலும் மூச்சொலியைக் கேளுங்கள்.

மருத்துவமனையில்

ஐயத்திற்கு இடமிருந்தால் குழந்தையை உள்நோயாளியாகச் சேர்த்துக் கண்காணிப்போம். ஆக்சிஜன், வலி நிவாரணி, நெபுலைசர் வழி மருந்து, தேவைக்கேற்ப ஸ்டீராய்டு ஆகியவை அளிக்கப்படும். மூச்சுவழி அடைபடும் நிலை வந்தால், மயக்க மருத்துவரும் காது மூக்கு தொண்டை மருத்துவரும் இணைந்து மூச்சுக்குழாயில் ஒரு செயற்கைக் குழாயைப் பொருத்துவர். இதைக் கேட்டதும் குடும்பத்தார் கலங்குவது இயல்பே. வீக்கம் வடியும்வரை வழி திறந்திருக்கச் செய்யும் தற்காலிக ஏற்பாடு அது. வீக்கம் வடிந்தபின் அகற்றப்படும்.

வீடு திரும்பிய பின்

ஆறிய கஞ்சி, மோர், மசித்த தயிர் சாதம், இளநீர் ஆகியவற்றைச் சிறிது சிறிதாக, அடிக்கடி கொடுங்கள். புளிப்பு, காரம், முறுக்கு போன்ற மொறுமொறுப்பானவை புண் ஆறும்வரை வேண்டாம். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குத் தாய்ப்பாலைத் தொடருங்கள். வலிக்குப் பாராசிட்டமால் மருந்தை, எடைக்கேற்ப மருத்துவர் குறித்த அளவில் மட்டும் கொடுங்கள், ஆஸ்பிரின் கூடாது. ஆறு மணி நேரத்திற்கு மேல் சிறுநீர் கழிக்காமை, கண்ணீரின்றி அழுதல், நாக்கு வறளுதல் ஆகியவை நீர்ச்சத்துக் குறைவைக் காட்டுவன. காய்ச்சலோ மூச்சொலியோ தோன்றினாலும் உடனே திரும்பி வாருங்கள்.

வருமுன் காக்க

60 டிகிரி செல்சியஸ் வெந்நீர் பெரியவர் தோலில் ஐந்து விநாடி பட்டாலே ஆழமான புண் உண்டாகும். குழந்தையின் மெல்லிய தோலுக்கு அவ்வளவு நேரமும் தேவையில்லை. ஊதுவதால் மேற்பரப்பு மட்டுமே ஆறும். கெட்டியான கஞ்சியும் வெல்லப் பூரணமும் உள்ளே நெடுநேரம் சூட்டைத் தேக்கி வைத்திருக்கும். எனவே கஞ்சியை அடிவரை கிளறி, கொழுக்கட்டையைப் பிட்டு உட்பகுதியை ஆறவைத்து, சிறிதளவு எடுத்து உங்கள் மணிக்கட்டின் உட்புறம் வைத்துப் பார்த்தபின் ஊட்டுங்கள். குழந்தை மடியில் இருக்கும்போது தேநீர்க் குவளையைக் கையில் எடுக்காதீர்கள். பசித்த குழந்தை அழத்தான் செய்யும்; உணவு ஆறும் அந்த ஐந்து நிமிடம் அழுவதால் அதற்குத் தீங்கு எதுவும் நேராது.