மார்கழியில் என்ன குழம்பு?

வேலூரை வெயிலூர் என்று கேலி பேசுகிறவர்கள் மார்கழி விடியலில் இங்கே வந்ததில்லை போலும். பாலாற்றுப் பாலத்தின்மீது மூடுபனி கவிந்திருக்கும். பள்ளிகொண்டா பக்கமிருந்து வரும் பேருந்துகள் விளக்கு எரியவே வந்து சேரும். வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்கிவிட்டால் போதும், நம் ஊரார் தலையில் துண்டையும் காதில் பஞ்சையும் வைத்துக்கொள்வார்கள். இந்த நாட்களில் வார்டுக்கு வெளியே நாற்காலி வரிசையில் காதில் விழும் பேச்சு பெரும்பாலும் மூன்று: டாக்டர் என்ன சொன்னார், இரவில் குளிர் எப்படி இருந்தது, இன்று என்ன குழம்பு. மூன்றாவது பேச்சுதான் நீண்டுகொண்டே போகும். வெறும் பொழுதுபோக்கு என்று அதை ஒதுக்கிவிட இயலாது. பல நாட்களாகத் தட்டைத் தள்ளி வைத்த நோயாளி மீண்டும் ஒரு பிடி சோறு உண்ணத் தொடங்குவது, பல வேளைகளில், அத்தகைய பேச்சில் உதித்த ஒரு குழம்பால்தான்.

இந்தப் பருவத்துக்குரிய குழம்பு எதுவென்று கேட்டால் ஆம்பூர், வாணியம்பாடி, குடியாத்தம் பக்கத்து வீடுகளில் தயங்காமல் பிதுக்குப் பருப்பு என்பார்கள். பச்சை மொச்சையை உரித்து, இரவு முழுவதும் நீரில் ஊறவைத்து, காலையில் ஒவ்வொன்றாக விரல் நுனியில் பிதுக்கினால் தோல் கையில் நிற்கும், பருப்பு பாத்திரத்தில் துள்ளி விழும். ஒருவர் தனியே அமர்ந்து செய்தால் அலுத்துப்போகும் வேலை இது. அதனாலேயே திண்ணையில் இளவெயிலுக்கு முதுகைக் காட்டியபடி நான்கு பேர் கூடி அமர்ந்து பேசிக்கொண்டே செய்வது வழக்கமாயிற்று. தனியா, சீரகம், மிளகு, சின்ன வெங்காயம், பூண்டு ஆகியவற்றை வதக்கி அரைத்து, சிறிது தேங்காய் சேர்த்துக் கொதிக்கவிட்டால் இட்லிக்கும் சோற்றுக்கும் கேழ்வரகுக் களிக்கும் அது பொருந்தும்.

நோயாளிக்கும் இது நல்ல உணவாக அமையக்கூடும். தோல் நீங்கிய பருப்பு மென்மையாக வேகிறது. நன்கு மசித்துவிட்டால் மெல்லச் சிரமப்படும் முதியவரும் உண்ணலாம். இறைச்சி வேண்டாதவர்களுக்குப் புரதமும் கிடைக்கிறது. உடல் தேறிவரும் தாய்மார்களிடமோ பாட்டிமார்களிடமோ ஊறிய மொச்சையை ஒரு கிண்ணத்தில் கொடுத்துப் பிதுக்கச் சொல்லலாம். கையில் ஊசி ஏற்றியிருப்பவர்களையும் காய்ச்சல் உள்ளவர்களையும் விட்டுவிடுங்கள். மற்றவர்கள் நோயைத் தவிர வேறொன்றைப் பற்றிப் பேச அந்தக் கிண்ணம் ஒரு வாய்ப்பு.

ஆனால் சிறுநீரகம் பழுதுற்றவர்களுக்கு நிலைமை வேறு. மொச்சையில் பொட்டாசியம் அதிகம். தோலை நீக்குவதால் அது நீங்கிவிடாது. இரத்தத்தில் பொட்டாசியம் மிகுந்தால் இதயத் துடிப்பே தடுமாறக்கூடும். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களிடம் காய்கறிகளைப் பற்றி இவ்வளவு வற்புறுத்திச் சொல்வது இதனால்தான். அவர்களுக்கான காய்களைச் சிறு துண்டுகளாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, பிறகு தாளிப்பது நல்லது. சத்தெல்லாம் போய்விடுமே என்று மனம் வருந்தும். இங்கே நாம் போக்க விரும்புவதே அந்தச் சத்துகளுள் ஒன்றைத்தான்.

அவர்களுக்கு ஆறுதலாக நம் மாவட்டத்திலேயே ஒரு காய் உண்டு. இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய் 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. கத்தரிக்காய் பொட்டாசியம் ஒப்பீட்டளவில் குறைந்த காய்களில் ஒன்று. ஆம்பூர் பிரியாணிக்குத் துணையாக வரும் புளிப்பான கத்தரிக்காய்த் தொக்கை நினைத்துப் பெருமூச்சு விடும் நோயாளிகள் பலர். அந்தத் தொக்கை அப்படியே தர இயலாது. எண்ணெயைக் கத்தரிக்காய் பஞ்சுபோல் உறிஞ்சிக்கொள்ளும். புளியிலும் பொட்டாசியம் உண்டு. காயைச் சுட்டோ ஆவியில் வேகவைத்தோ மசித்து, ஒரு தேக்கரண்டி எண்ணெயில் கடுகும் பூண்டும் தாளித்து, எலுமிச்சைச் சாறு சில துளிகள் விட்டால் நினைவுக்கு ஓரளவு நெருங்கி வரும். அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் கத்தரிக்காய் உண்டால் புண் ஆறாது என்ற நம்பிக்கை இங்கே வலுவாக உள்ளது. அக்காய் ஒவ்வாதவர்களைத் தவிர மற்றவர்கள் அதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

அடுத்தது உப்பு. உப்பின் ஆற்றலை இந்தத் தோல் வட்டாரத்தாருக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை. பச்சைத் தோல் அழுகாதிருக்க உப்பிட்டு அடுக்குவதும், பதனிடும் ஆலைக்கு வந்தபின் முதல் வேலையாக அந்த உப்பை ஊறவைத்துக் கழுவுவதும் தலைமுறைகளாக நடந்துவருகின்றன. ஊறுகாயும் கருவாடும் அதே உப்பின் துணையால்தான் கெடாமல் இருக்கின்றன. கருவாட்டை எத்தனை முறை கழுவினாலும் உள்ளே புகுந்த உப்பு முழுவதும் வெளியேறாது. நலமாக உள்ள ஒருவருக்கே நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்புதான் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது மட்டமாக எடுத்த ஒரு தேக்கரண்டி. குழம்பு, பொரியல், மோர், அப்பளம் எல்லாம் சேர்ந்த கணக்கு அது. இதயம் தளர்ந்தவர்களுக்கும் கால் வீங்கியவர்களுக்கும் மருத்துவர் இதைவிடக் குறைவாகவும் சொல்லியிருக்கலாம்.

உப்பைக் குறையுங்கள் என்று நாங்கள் சொன்னதும் வீடுகளில் நடப்பது இரண்டில் ஒன்று. உப்பும் காரமும் இல்லாத கஞ்சியை மூன்று வேளையும் கொடுத்து நோயாளியை வெறுப்பேற்றுவார்கள். அல்லது அவர் முகத்தைப் பார்த்து மனமிளகி, தலையணைக்குப் பின்னால் ஊறுகாய்ப் புட்டியை ஒளித்து வைப்பார்கள். அன்பினால் செய்யப்படும் அந்தக் காரியத்தால் இரவில் மூச்சு வாங்குகிறது. இதற்கு நடுவே ஒரு வழி உண்டு. குழம்பை உப்பின்றியே கொதிக்க வைத்து, நோயாளியின் பங்கை முதலில் தனியே எடுத்துவிடுங்கள். பிறகு மற்றவர்களுக்கு உப்பிடுங்கள். நோயாளிக்கு அனுமதிக்கப்பட்ட சிட்டிகையைத் தட்டில், உண்ணும் நேரத்தில் மேலே தூவுங்கள். மேலே கிடக்கும் உப்பை நாக்கு உடனே உணரும். கொதியில் கரைந்த அதே அளவு அவ்வளவாகத் தெரியாது. கடைகளில் விற்கும் சோடியம் குறைந்த உப்பை யாரேனும் பரிந்துரைத்தால் பொட்டலத்தைக் கொண்டுவந்து எங்களிடம் காட்டுங்கள். அவற்றில் பெரும்பாலானவை சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் கலந்தவை. சிறுநீரக நோயாளிக்கு ஆபத்தானவை.

ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பகுதியினர் அறிந்த இன்னொரு தொல்லை, ஆழ்துளைக் கிணற்று நீரில் மொச்சையும் பருப்பும் வேக மறுப்பது. பாலாற்றுப் படுகையின் நீர் கெட்டது ஊரறிந்த கதை. 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை சென்ற வழக்கு அது. சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடின நீரில் பயறுகளின் தோல் இறுகிப்போகும். அதற்குப் பலரும் ஒரு சிட்டிகை சமையல் சோடா போடுகிறார்கள். பருப்பு குழைந்துவிடும், ஆனால் அந்தச் சோடாவும் சோடியமே. உப்பு தடுக்கப்பட்டவருக்காகச் சமைக்கும் நாளில் குடிநீரிலேயே பருப்பை ஊறவைத்து வேகவையுங்கள்.

ஆம்பூரிலிருந்து வேலூர் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். காலணித் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்கள் விடியுமுன் எழுந்து சமைத்துப் பழகியவர்கள். வீட்டில் ஒருவர் இங்கே படுத்திருந்தால் அதே கையோடு ஒரு கேரியரையும் நிரப்பி யாரிடமாவது கொடுத்தனுப்புகிறார்கள். அன்றாடக் கூலியையும் இழந்து மருத்துவச் செலவையும் தாங்கும் குடும்பங்களுக்கு வீட்டுச் சோறு சிக்கனமும்கூட. அதை வேண்டாமென்று சொல்ல எங்களுக்கு மனமில்லை. எனினும் ஒன்று சொல்ல வேண்டும். பனிக்காலமாயிற்றே, உணவு கெடாது என்று எண்ணுவது தவறு. நம் மார்கழி நண்பகல் 28 டிகிரி, 29 டிகிரி. கிருமிகள் தழைப்பது 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில். விடியல் 5 மணிக்கு வடித்த சோறும் தேங்காய் அரைத்த குழம்பும் நண்பகல் 1 மணி வரை மூடியே கிடந்தால், கெட்ட வாடை வராமலேயே நோயைக் கொண்டுவரலாம். சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் நோயாளி உண்ணட்டும். காலை உணவை வீட்டிலிருந்து அனுப்புங்கள். நண்பகலுக்கு இங்கேயே சமைத்ததைக் கொடுங்கள். கீமோதெரபி பெறுகிறவர்களுக்கும் இரத்தத்தில் வெள்ளணுக்கள் குறைந்தவர்களுக்கும் புதிதாகச் சமைத்து ஆவி பறக்க எடுத்த உணவு மட்டுமே.

அவர்களைப் பற்றித் தனியே சில சொற்கள். மருந்து ஏறிய நாட்களில் பிடித்த குழம்பின் மணமே குமட்டும். சமையல் நடக்கும் அறையில் அவரை இருத்தாதீர்கள். தட்டுக்கு வரும்போது உணவு வெதுவெதுப்பாக ஆறியிருந்தால் மணம் அடங்கும். வாயில் இரும்புச் சுவை தட்டுகிறது என்றால் எவர்சில்வர் கரண்டியை மாற்றிப் பிளாஸ்டிக் கரண்டி கொடுத்துப் பாருங்கள். வாயில் புண் இருக்கும்வரை மிளகாயும் புளியும் கூடாது. பீர்க்கங்காயோ சுரைக்காயோ பாசிப்பருப்புடன் குழைய வெந்தது போதும். நேற்று உண்டதை இன்று வெறுப்பார். சமைத்தவர் அதை மனத்தில் கொள்ளாதிருப்பது கடினம் என்று அறிவோம். ஆயினும் வெறுப்பது நாக்குதான், மனிதர் அல்லர்.

1900ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையுடன் தொடங்கிய பணியால் வேலூருக்கு மருத்துவம் நாடி வருவது நாடெங்கும் பரவிய வழக்கமாயிற்று. காந்தி ரோடு, பாபு ராவ் தெரு விடுதிகளில் வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலக் குடும்பங்கள் மாதக்கணக்கில் தங்கி அறையிலேயே சமைக்கின்றன. கடுகெண்ணெய் வாசம் வருகிறதே என்று முகம் சுளிக்காமல் அடுப்பருகே சென்று பாருங்கள். மாசாலாவை அள்ளிக் கொட்டாமல், மஞ்சளும் கருஞ்சீரகமும் பச்சை மிளகாயும் மட்டும் போட்டு அவர்கள் வைக்கும் நீர்த்த மீன் குழம்பு நம் நோயாளிகள் பலருக்கும் ஒத்துப்போகும். அவர்களுக்கும் இது காலிஃபிளவரும் பச்சைப் பட்டாணியும் புதுப் பேரீச்ச வெல்லமும் வரும் பருவம். ஊரை நினைத்து ஏங்கும் பருவம். ஆம்பூர், வாணியம்பாடி இசுலாமியக் குடும்பங்களில் பலர் வீட்டில் உருது பேசுவதால் அவர்களோடு எளிதில் உரையாட முடிகிறது. பாஷை தெரியாதவர்களும் கத்தரிக்காயைக் கையில் தூக்கிக் காட்டிப் பேசத் தொடங்கலாம்.

விடுதி அறையில் சமைப்போருக்கு ஓர் எச்சரிக்கை. குளிருக்கு அஞ்சி சன்னலை முழுவதும் சாத்திவிட்டு அடுப்பெரிக்க வேண்டாம். கரி அடுப்பை அறைக்குள் கொண்டுபோகவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. உறக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடும்.

பனிக்காலப் பேச்சில் அடிக்கடி அடிபடும் இன்னொன்று தயிர். சளி பிடிக்கும் என்று டிசம்பர் பிறந்தாலே அதை நிறுத்திவிடுகிறார்கள். சளியைத் தருபவை வைரசுகள். பார்க்க வந்த உறவினரின் தும்மலில் அவை வருகின்றன. புரதம் தேவைப்படும் நோயாளியிடமிருந்து தயிரைப் பிடுங்குவதைவிட, மூக்கு ஒழுகும் மைத்துனரை இரண்டு நாள் கழித்து வரச் சொல்வது பயன் தரும்.

எங்கள் உணவியல் நிபுணரிடம் வரும்போது, அவர் என்ன சாப்பிடலாம் என்று பொதுவாகக் கேட்காதீர்கள். உங்கள் வீட்டில் வைக்கும் குழம்பின் பெயரைச் சொல்லுங்கள். எதை எவ்வளவு போடுவீர்கள், எந்த எண்ணெய், எந்த நீர் என்று சொல்லுங்கள். எதை மாற்ற வேண்டும் என்று அவர் அந்தக் குழம்புக்குள்ளேயே காட்டுவார். இரத்தம் உறைவதைத் தடுக்க வார்ஃபரின் உட்கொள்கிறவர்கள் கீரையைப் பற்றியும் கட்டாயம் சொல்ல வேண்டும். ஒரு வாரம் நாள்தோறும் கீரை, மறுவாரம் கீரையே இல்லை என்றால் மருந்தின் அளவு தப்பிப்போகும்.

தைப்பொங்கலன்று வார்டில் இருக்க நேர்கிறவர்களுக்காக இப்போதே ஒரு வேண்டுகோள். அன்றைய பலகாய்க் கூட்டில் மொச்சை, பரங்கி, சர்க்கரைவள்ளி, வாழைக்காய், அவரை என எல்லாம் சேரும். ஒருவருக்கு மருந்தாவது பக்கத்துப் படுக்கைக்காரருக்கு ஆகாது. உங்கள் வீட்டுக் கூட்டில் போடும் காய்களின் பட்டியலை எழுதி, பண்டிகைக்கு இரண்டு நாள் முன்னதாக வார்டு செவிலியரிடம் கொடுங்கள். எந்தக் காயை விட வேண்டும், எதை வேகவைத்து நீரைக் கொட்ட வேண்டும், சர்க்கரைப் பொங்கல் எத்தனை கரண்டி என்று குறித்துத் திருப்பித் தருவோம். பக்கத்துப் படுக்கைக்குக் கொடுக்க விரும்பினால் அவருடைய பெயரையும் அதே தாளில் எழுதுங்கள்.