நீராவியுக நாவல்களும் துணிவுமிகு நாயகியரும்

மேலைநாட்டு வெகுசன இலக்கியத்தில் ‘ஸ்டீம்பங்க்’ எனப்படும் நாவல்வகை தனித்து நோக்கத்தக்கது. 1987இல் அமெரிக்க எழுத்தாளர் கே. டபிள்யூ. ஜெற்றர் இப்பெயரைச் சூட்டினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நீராவிப் பொறிகள் மேலும் வளர்ந்திருப்பின் உலகு எவ்வாறு அமைந்திருக்கும் என்னும் கற்பனையே இதன் அடித்தளமாகும்.

இக்கற்பனை எழுவதற்குக் காரணம் யாது? கணினி தன் இயக்கத்தை மறைக்கின்றது. பற்சக்கரமும் கொதிகலனும் கண்முன்னே இயங்குகின்றன. அந்நியமாகிவிட்ட பொறியை மீளக் கைக்கொள்ளும் வேட்கையை இங்கு நாம் காண்கின்றோம். ஆயின் பித்தளையின் பளபளப்பு நிலக்கரி அகழ்ந்தோரை மறைத்துவிடுதலும் உண்டு. பிரித்தானியாவில் 1842ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்யும்வரை பெண்களும் நிலக்கீழ்ச் சுரங்கங்களில் உழைத்தனர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

இப்பின்னணியிலேயே நாயகியரின் துணிவை மதிப்பிடல் வேண்டும். கெயில் கரிஜரின் ‘சோல்லெஸ்’ (2009) நாவலில் அலெக்ஸியா குடையையே படைக்கலமாக்கிப் போராடுகின்றாள். மேற்குடி ஒழுக்கவிதிகள் எள்ளி நகையாடப்படுகின்றன. எனினும் அத்துணிவு வர்க்க வசதியின் மீதே நிற்கின்றது. அதே ஆண்டில் வெளிவந்த செரி பிரீஸ்ற்றின் ‘போன்ஷேக்கர்’ இதனின்றும் வேறுபடுகின்றது. அதன் நாயகி பிரையர் வில்க்ஸ் நீர் சுத்திகரிப்பு நிலையத் தொழிலாளி, கைம்பெண். கணவன் ஆக்கிய துளைபொறியால் நச்சுவாயு கசிந்து, மதிலால் அடைக்கப்பட்ட சியாற்றில் நகரினுள் மகனைத் தேடி நுழைகின்றாள். பொறியின் இலாபம் எவருக்கு, அதன் அழிவு எவருக்கு என்னும் வினா இங்கு எழுகின்றது. நிசி ஷோலின் ‘எவர்ஃபேர்’ (2016) அவ்வினாவை லியோபோல்ட் மன்னனின் கொங்கோ வரை விரிக்கின்றது.

கொதிகலனுக்குக் கரியிட்ட கைகளையும் காட்டும்போதே இவ்வகை நாவல் பழமை ஏக்கத்தைக் கடந்து வரலாற்றுணர்வு பெறுகின்றது என்பது நமது முடிபு.