எண்களின் மகிமை – 7: சதுர்யுகமும் ராமானுஜனும்

தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் எங்கள் குடுபல்லிப் பக்கத்தில், பஞ்சாங்கம் எந்த பாஷையில் அச்சாகி வந்தாலும், சதுர்யுகத்துக்கு 43,20,000 வருஷங்கள் என்ற கணக்கில் மட்டும் பேதம் கிடையாது. கேட்ட மாத்திரத்தில் பிரமிப்பூட்டுவது அதன் பருமன்தான் என்றாலும், கணித சாஸ்திரி முதலில் நோக்குவது அது எத்தனை எண்களால் மீதியின்றி வகுபடும் என்பதையே. இரண்டு எட்டு தடவையும், மூன்று மூன்று தடவையும், ஐந்து நான்கு தடவையும் பெருகி உண்டான எண் அது. ஒரு வகுத்தியில் இவற்றுள் ஏதேனும் ஒன்று அடியோடு இல்லாமலும் இருக்கலாமாதலால், ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்று கூட்டி, 9, 4, 5 ஆகியவற்றைப் பெருக்கினால் 180 வகுத்திகள் கிடைக்கின்றன.

இத்தனை வகுத்திகள் பெற இவ்வளவு பெரிய எண் அவசியந்தானா? மூன்றின் அடுக்கையும் ஐந்தின் அடுக்கையும் இடம் மாற்றிப் பாருங்கள், 25,92,000 வருகிறது. இதற்கும் வகுத்திகள் 180 தான்! தனக்குச் சிறிய எந்த எண்ணையும்விட அதிக வகுத்திகளைக் கொண்ட எண்ணை மிகுபகு எண் என்போம், மாதங்களின் 12, நாழிகைகளின் 60, ராசிச் சக்கரத்துப் பாகைகளின் 360 ஆகிய மூன்றும் அந்தக் குலத்தைச் சேர்ந்தவை, சதுர்யுகம் சேராது.

அக்குலத்தின் இலக்கணத்தை விரிவாக வகுத்தவர், சென்னையில் காகிதத்துக்கு வசதியின்றிச் சிலேட்டில் கணக்கிட்டு முழங்கையால் அழித்துப் பழகிய நம் ஸ்ரீநிவாஸ ராமானுஜன். மிகுபகு எண்ணில் பகா எண்கள் 2, 3, 5, 7 என்று இடைவெளியின்றி வரவேண்டும், பெரிய பகா எண்ணின் அடுக்கு சிறியதன் அடுக்கை மிஞ்சலாகாது, கடைசிப் பகா எண்ணின் அடுக்கு, 4, 36 என்ற இரண்டு எண்கள் நீங்கலாக, ஒன்றாகவே இருக்கும் என்பன போன்ற நியமங்களை ஸ்தாபித்த அவருடைய நீண்ட கட்டுரையை லண்டன் கணிதச் சங்கம் 1915இல் வெளியிட்டது. அதை முன்னிட்டே 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அவருக்கு பி.ஏ. பட்டம் அளித்தது. யுத்த காலத்து நெருக்கடியால் அச்சேறாது நின்ற பிற்பகுதி 1997இல்தான் வெளிவந்தது என்பதை நினைக்க மனம் வருந்துகிறது.

அக்கட்டுரையின் அட்டவணையில் கடைசியாக நிற்பது 67,46,32,83,88,800, அதாவது 6,74,632 கோடியே 83 லட்சத்து 88,800. இரண்டு ஆறு தடவை, மூன்று நான்கு தடவை, ஐந்தும் ஏழும் இவ்விரண்டு தடவை, அதன்பின் 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு தடவை, வகுத்திகள் 10,080. யந்திர உதவி ஏதுமின்றிக் கைக்கணக்காலேயே அவர் இவ்வளவு தூரம் சென்றார்! அவ்வரிசையில் ஒன்றே ஒன்று விடுபட்டுப் போயிற்று: 29,331 கோடியே 86 லட்சத்து 25,600. கடைசி எண்ணை 23ஆல் வகுத்தால் வருவது அதுவே. அதன் வகுத்திகள் 5,040. இன்னொரு விசேஷம், 5,040, 10,080 என்ற அவ்விரு தொகைகளும் தாமே மிகுபகு எண்கள்.