வண்டி திரும்பும்போது ‘டொக்’ சத்தம்: எப்போது வருகிறது என்று பாருங்கள்

கார் நேராகப் போகும்போது ஒன்றுமில்லை. ஸ்டியரிங்கை ஒடித்தால் மட்டும் முன்பக்கம் அடியிலிருந்து ஒரு சத்தம். பட்டறையில் போய்ச் சொன்னால், “ஆக்சில் போயிடுச்சு சார், மாத்திடலாம்” என்பார்கள். உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் திரும்பும்போது சத்தம் போடக்கூடிய பாகங்கள் ஆறேழு இருக்கின்றன. சிலது சின்னச் செலவு. ஒன்று உயிர் சமாச்சாரம். எது என்று பிரித்துப் பார்க்க, சத்தம் எப்படி இருக்கிறது என்பதைவிட எப்போது வருகிறது என்பதுதான் உதவும்.

நம் ஊரில் ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலானவை முன்சக்கரம் இழுக்கும் வண்டிகள். அவற்றை வைத்தே இங்கே சொல்கிறேன்.

முதலில் செலவில்லாத இரண்டு விஷயங்கள். டிக்கியில் ஜாக்கியும் ஸ்டெப்னியும் ஆடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து வீல் நட்டு. சமீபத்தில் டயர் கழற்றி மாட்டியிருந்தால் இதைப் பார்க்காமல் வண்டியை நகர்த்தவே வேண்டாம். இரண்டும் சரி என்றால், காலி மைதானம் ஒன்றில் கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பக்கத்தில் ஒரு சுவர் இருந்தால் சத்தம் திரும்பி வந்து இன்னும் தெளிவாகக் கேட்கும்.

ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து, ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ‘டக் டக் டக்’ என்று வரிசையாக வருகிறதா? வேகம் கூடக்கூட சத்தமும் வேகமாகிறதா? அப்படியானால் சந்தேகம் வெளிப்பக்க சிவி ஜாயிண்ட் மேல். முன்சக்கரம் ஒரே நேரத்தில் சுழலவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். சாதாரண குறுக்கு ஜாயிண்டை 30 டிகிரி மடக்கினால், உள்ளே நிமிடத்துக்கு 100 சுற்று சீராகக் கொடுத்தாலும் வெளியே வேகம் சுமார் 87க்கும் 115க்கும் இடையே ஏறி இறங்கும். வண்டி உதறும். 1920களில் ஃபோர்டு கம்பெனி இன்ஜினியர் ஆல்ஃபிரட் ஜெப்பா இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். ஆறு இரும்புக் குண்டுகள், அவை ஓட வளைந்த பள்ளங்கள். எவ்வளவு மடக்கினாலும் வேகம் மாறாது. 1959ல் வந்த மினி கார் இந்த வகை ஜாயிண்டைப் பரவலாக்கியது. இன்றைக்கும் நம் வண்டிகளில் இருப்பது அதே யோசனைதான்.

இந்தக் குண்டுகளைக் காப்பாற்றுவது மேலே இருக்கும் ரப்பர் பூட். அது கிழிந்தால் கிரீஸ் வெளியேறும், மண்ணும் தண்ணீரும் உள்ளே போகும், பள்ளங்கள் தேயும். வலதுபக்கம் திரும்பினால் இடது சக்கரத்தில் பாரம் அதிகம், ஆனால் வலது சக்கரம்தான் அதிகமாக மடங்கும். அதனால் திசையை மட்டும் வைத்து எந்தப் பக்கம் என்று அடித்துச் சொல்ல முடியாது. குனிந்து பூட்டைப் பாருங்கள். சக்கரத்தின் உள்பக்கம் கிரீஸ் தெறித்திருந்தால் அந்தப் பக்கம்தான். சத்தம் வருவதற்கு முன்பே கிழிசலைப் பார்த்துவிட்டால், ஜாயிண்டைக் கழுவி, புது கிரீஸ் வைத்து, புது பூட் போட்டால் போதும். சத்தம் வந்தபிறகு கிரீஸ் அடைத்துப் பயனில்லை. தேய்ந்த இரும்பு திரும்பி வராது. ஜாயிண்டையோ முழு ஆக்சிலையோ மாற்றத்தான் வேண்டும்.

வண்டி நிற்கும்போதே ஸ்டியரிங்கைத் திருப்பினால் ‘டொய்ங்’ என்று ஸ்பிரிங் துள்ளுகிறதா? அது ஷாக் அப்சார்பருக்கு மேலே இருக்கும் ஸ்ட்ரட் மவுண்ட், அதன் பேரிங். பேரிங் இறுகினால் ஸ்பிரிங் சக்கரத்தோடு சீராகத் திரும்பாமல், முறுக்கிக்கொண்டு ஒரேயடியாக விடும். இதை வீட்டில் கழற்றிப் பார்க்கவே கூடாது. அமுக்கி வைத்த ஸ்பிரிங் தெறித்தால் ஆளையே அடித்துவிடும்.

திரும்பிக்கொண்டே கேட் மேட்டில் ஏறும்போது, ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது ‘லொட லொட’ என்றால், பெரும்பாலும் ஸ்டெபிலைசர் பாரின் லிங்க் ராடு. வேலை சின்னது. இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றிவிடுவது நல்லது.

கடைசியாக, பயப்பட வேண்டிய சத்தம். திரும்ப ஆரம்பிக்கும்போதோ பிரேக் பிடிக்கும்போதோ ஒரே ஒரு கனமான ‘டொக்’. லோயர் ஆர்மின் புஷ்ஷாக இருக்கலாம், பால் ஜாயிண்டாகவும் இருக்கலாம். பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் அப்படியே மடங்கிவிடும், ஸ்டியரிங் கையில் இருந்தும் பிரயோஜனமில்லை. சமதளத்தில் வண்டியைத் தூக்கி, ஸ்டாண்ட் கொடுத்து (ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள்), சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட் மேல் சந்தேகம். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் டை ராடு எண்டைப் பாருங்கள். ஆட்டம் தெரியவில்லை என்பதற்காக விட்டுவிடாதீர்கள், மெக்கானிக் நெம்பிப் பார்த்தால்தான் சில ஜாயிண்டுகள் காட்டிக்கொடுக்கும். பால் ஜாயிண்டோ டை ராடு எண்டோ ஆடுகிறது என்று தெரிந்தால் வண்டியை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

ஸ்ட்ரட், லோயர் ஆர்ம், டை ராடு எண்ட் இவற்றில் எதை மாற்றினாலும் வீல் அலைன்மெண்ட் பார்த்தாக வேண்டும். இல்லையென்றால் சத்தம் போய்விடும், டயர் தேய ஆரம்பிக்கும்.

பட்டறைக்குப் போகும்போது “சத்தம் வருது” என்று மட்டும் சொல்லாதீர்கள். “வண்டி நிக்கும்போது வருதுங்க”, “ஃபுல்லா ஒடிச்சு மிதிச்சா வருதுங்க” என்று சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் அந்த ஒரு வரியிலேயே எங்கே கை வைக்க வேண்டும் என்று தெரிந்துகொள்வார். எதையும் பார்க்காமல் பாகத்தை மாற்றச் சொல்பவரிடம், “கழட்டினதைக் காட்டுங்க, எங்க தேஞ்சிருக்குன்னு பாக்கணும்” என்று கேட்கவும் தைரியம் வரும்.