கை நடுங்கும் முன்பே

மாட்டுங்காவில் இருந்து ஃபைவ் கார்டன்ஸுக்குக் காலை நடை போகும் நம் பெரியவர்களுக்கு தாதர் பார்சி காலனி பழகிய இடம். மும்பையின் பார்சி காலனிகளில் வீடு வீடாக எடுத்த கணக்கு 1988-ல் வெளியானது: லட்சத்துக்குச் சுமார் 328 பேருக்கு பார்க்கின்சன் என்ற நடுக்கு நோய். அப்போது உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்த எண் அது. பரம்பரைதான் காரணம் என்று உடனே முடிவுகட்ட முடியாது. பார்சிகளில் முதியவர்கள் அதிகம். இந்த நோய்க்கு வயதைவிடப் பெரிய காரணம் இல்லை.

சொந்தத்தில் கல்யாணம்

நோயாளிகளில் பெரும்பாலானவர்களின் குடும்பத்தில் வேறு யாருக்கும் இந்த நோய் இருந்திருக்காது. ஆனால் நாற்பது வயதுக்குள்ளேயே நடுக்கம் வந்தால் மரபணுவைச் சந்தேகிக்க வேண்டும். ‘பார்க்கின்’, ‘பிங்க்1’ போன்ற மரபணுக்கள் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதாக வந்தால்தான் நோய் வரும். மாமன் மகளையும் அத்தை மகனையும் கட்டும் நம் வழக்கத்தில் அதற்கான வாய்ப்பு கூடுகிறது. தாராவியிலும் செம்பூரிலும் இதை வெளிப்படையாகப் பேசத் தயங்குகிறோம்.

வயலும் பட்டறையும்

வேதிப்பொருளும் காரணமாகலாம். 1980-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் கலப்படப் போதைமருந்து போட்டுக்கொண்ட இளைஞர்கள் சில நாட்களில் அசைய முடியாமல் உறைந்தார்கள். எம்பிடிபி என்ற வேதிப்பொருள் மூளையில் டோபமின் சுரக்கும் செல்களைக் கொன்றிருந்தது. அதற்குப் பிறகுதான் பாராகுவாட் களைக்கொல்லி, உலோகத்தில் எண்ணெய்ப் பிசுக்கு நீக்கும் ட்ரைக்ளோரோஎத்திலீன் ஆகியவற்றின் மீது ஆய்வாளர்களின் சந்தேகம் வலுத்தது. ஊரில் மருந்தடித்துவிட்டு இங்கே பட்டறைக்கு வந்தவர்கள் தங்கள் வேலை வரலாற்றை டாக்டரிடம் சொல்வது நல்லது. வெல்டிங் புகையின் மாங்கனீசு ஏற்படுத்துவது வேறு நோய். பார்க்க பார்க்கின்சனைப் போலவே இருக்கும்.

மூக்குதான் முதலில்

டிகாஷன் இறங்கும் வாசனை தெரியவில்லை, மலச்சிக்கல் விடவில்லை, தூக்கத்தில் கத்திக் கை காலை உதறுகிறார். நடுக்கத்துக்குப் பல ஆண்டுகள் முன்பே இவை தொடங்கலாம். தனித்தனியாக வந்தால் சாதாரணத் தொல்லைகள். சேர்ந்து வந்தால் கவனிக்க வேண்டும். பிறகு எழுத்து சிறுக்கிறது. பேங்கில் கையெழுத்து பொருந்தவில்லை என்கிறார்கள். நடக்கும்போது ஒரு கை மட்டும் வீசாது. சும்மா மடியில் கிடக்கும் கை நடுங்கும், டம்ளரை எடுத்தால் அடங்கும். நடுக்கமே வராதவர்களும் உண்டு. தோள் இறுகியதை வாதம் என்று தைலம் தேய்த்தே வருடங்களைக் கழித்துவிடுகிறார்கள்.

மாத்திரையும் பருப்பும்

சந்தேகம் வந்தால் டாக்டரைப் பாருங்கள், சயான் மருத்துவமனை தாராவிக்குக் கூப்பிடு தூரம். பார்க்கின்சனுக்குத் தரும் லெவோடோபா மாத்திரை நோயைத் தீர்க்காது. ஆனால் சட்டை பொத்தானைத் தானே போட்டுக்கொள்ளும் அளவுக்குப் பலரை மீட்கும். பருப்பு, தயிர், முட்டையில் உள்ள புரதம் அதன் வழியை மறிக்கும் என்பதால் சாப்பாட்டுக்கு அரைமணி முன்பே போட்டுக்கொள்ளச் சொல்வார்கள். குமட்டினால் ஒரு பிஸ்கட் போதும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென நிறுத்துவது ஆபத்து.