உயிர் ஒருவன் கையில், மெய் ஒருவன் கையில்



பள்ளி விடுமுறை வந்தால் மணிமன்றமோ, கோயில் இளைஞர் பகுதியோ, சங்கக் கிளையோ பிள்ளைகளுக்கு முகாம் நடத்துவது நம் வழக்கம். பந்து உண்டு, பாட்டு உண்டு, மத்தியானம் கோழிக்கறிச் சோறும் உண்டு. தமிழுக்கு என்ன உண்டு? பெரும்பாலும் ஒரு பேச்சுப் போட்டி. நன்றாகப் பேசத் தெரிந்த இரண்டு பேர் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். மற்றவர்கள் கை தட்டுவார்கள்.

சிரம்பானை அடுத்த மம்பாவ் வட்டாரப் பிள்ளைகளுக்கு முகாம் நடத்தியபோது நாமும் இந்தத் தப்பைத்தான் செய்தோம். பேச்சுக்குப் பதிலாகச் சொல் கட்டும் போட்டி வைத்தோம். எழுத்து அட்டைகளைக் கொட்டி, அதிகச் சொல் சேர்ப்பவருக்குப் பரிசு என்றோம். மலாய்ப் பள்ளியில் இரண்டாம் படிவம் படிக்கும் பையன் ஒருவன் மெல்ல எழுந்து பைப்படியில் போய் உட்கார்ந்துவிட்டான். "எனக்குத் தமிழ் எழுதத் தெரியாதுங்க அங்கிள்" என்றான். வீட்டில் பேசுவது தமிழ், படிப்பது மலாய். தோட்டம் வீடமைப்புப் பகுதியாகி, குடும்பம் இடம் மாறி, தமிழ்ப்பள்ளி தூரமாகிப் போன பிள்ளைகள் எத்தனை பேர் என்பதை நாம் அறியாதவர்களா?

அன்றிரவே ஆட்டத்தை மாற்றினோம்.

ஆங்கிலத்தில் ஸ்கிரேபிள் என்றொரு ஆட்டம் இருக்கிறது. 1930-களில் அமெரிக்காவில் வேலையிழந்த கட்டடக் கலைஞர் ஆல்பிரெட் பட்ஸ் உருவாக்கியது. பத்திரிகையில் எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று எண்ணிப் பார்த்து, எல்லாவற்றையும் 100 காய்க்குள் அடக்கினார். நமக்கோ 247 எழுத்து. ஒன்றுக்கு இரண்டு அட்டை வெட்டினாலும் ஐந்நூறை நெருங்கிவிடும். தேடுவதற்கே பொழுது போய்விடும். நம் இலக்கணமே வழி காட்டியது. உயிர் 12, மெய் 18, ஆக 30 எழுத்து போதும். மங்கு என்றால் ம், அ, ங், க், உ என்று 5 அட்டை. ஒட்டுப்பாலுக்கு 8.

குழுவுக்கு 6 பேர். மூவர் கையில் உயிர், மூவர் கையில் மெய். அவரவர் அட்டையை அவரவர்தான் வைக்க வேண்டும், அடுத்தவர் அட்டையைத் தொடக்கூடாது. எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் 'ம்'மை வைத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். 'அ' வைத்திருப்பவன் வந்தால்தான் 'ம' ஆகும். சொல் சேர்ந்ததும் மணிலா அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டலாம். குழுவுக்குக் குழு போட்டியும் கிடையாது. அரை மணியில் எல்லாரும் சேர்ந்து 60 சொல் ஏற்றினால் எல்லாருக்கும் ஐஸ்கிரீம். கோப்பை இல்லாமல் பிள்ளைகள் ஆடமாட்டார்கள் என்று ஏற்பாட்டாளர் சிலர் சொன்னார்கள். ஆடினார்கள்.

மலாய்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இது சீக்கிரம் பிடிபட்டது. அங்கே 'பி, ஏ, பா' என்று கூட்டித்தானே வாசிக்கப் பழகுகிறார்கள்! பைப்படிப் பையனுக்கு 'ஆ' அட்டைகள் வந்தன. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவன், "காண்டா போடலாம்" என்றான். குழுவில் ஒருவருக்கும் தெரியவில்லை.

"எங்கப் பாட்டி சொல்லும். பால் வாளிய ரெண்டு பக்கமும் மாட்டித் தோள்ல தூக்குற கம்பு."

க், ஆ, ண், ட், ஆ. இரண்டு 'ஆ'வும் அவன் கையில். நடுவராக இருந்தவரோ, அது மலாய்ச் சொல், நாசி கண்டாரில் வருகிற அதே கண்டார், தள்ளுபடி என்றார். நாம் விடவில்லை. நம் பெற்றோர் தோள் காய்த்துப்போகச் சுமந்த சொல்லை எந்த அகராதியைப் பார்த்துத் தள்ளுவது? சுவரில் ஏறியது. பிறகு பெரட்டு வந்தது, நிரை வந்தது, 11 அட்டை பிடித்த ஆயாக்கொட்டகையும் வந்தது. ரப்பரா, இரப்பரா என்று ஒரு சண்டை. பாடநூலில் உள்ளபடி 'இ' சேர்த்து ஒட்டினார்கள். 'இ' வைத்திருந்த சிறுமிக்குப் பெரிய சந்தோஷம்.

அரை மணியில் 52 சொல்தான் ஏறியது. பத்து நிமிடம் கூட்டிக் கொடுத்தோம். குற்றம் சொல்பவர்கள் சொல்லட்டும்.

நடத்த விரும்பும் கிளைகளுக்கு ஒரு குறிப்பு: மைலோ பெட்டி அட்டையே போதும். அ, ஆ, இ, உ நிறைய வெட்டுங்கள். க், ட், த், ப் இரட்டித்து வருவதால் அவையும் கூடுதலாக வேண்டும். ங், ஞ் இரண்டிரண்டு, ஔ ஒன்று. முகாம் முடிந்து எண்ணியபோது நம் கட்டில் 'ஆ' இரண்டு குறைந்தது. யாரையும் கேட்கவில்லை, புதிதாக வெட்டிச் சேர்த்துவிட்டோம்.